எழுந்து நிற்காத ஜிசிசி

போன மாதம் ஒரு காலையில் நிர்மலா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் கல்லூரி கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான்.

"மேடம், புது சி கம்பைலர் போட்டுட்டேன். எரர் எதுவும் வரல. ஆனா வெர்ஷன் கேட்டா பழசத்தான் சொல்லுது. திரும்பத் திரும்ப எடுத்துப் போட்டுப் பாத்தாச்சு."

நான் கல்லில் தோசை ஊற்றிக்கொண்டே, "எழுந்து நிக்கச் சொல்லு" என்றேன்.

"யார மேடம்?"

"ஜிசிசியத்தான்."

பாவம் மேடத்துக்கு வயசாகிவிட்டது என்று நினைத்திருப்பாள். அப்புறம் விளக்கமாகச் சொல்லி, அவளும் சரிசெய்துவிட்டாள். ஆனால் "அது என்ன மேடம், எழுந்து நிக்கிறது?" என்று கேட்டாள் பாருங்கள், அதைப் போனில் சொல்ல முடியாது. அதற்கு ஒரு வெள்ளிக்கிழமையை முழுசாகச் சொல்ல வேண்டும். தோசை ஏற்கெனவே தீய்ந்துவிட்டது. இனி நிதானமாகச் சொல்லலாம்.

நான் கம்ப்யூட்டர் படித்து வேலைக்கு வந்தவள் இல்லை. திண்டுக்கல்லில் டைப்ரைட்டிங் ஹையர் முடித்து, வத்தலக்குண்டு ரோட்டில் இருந்த ஒரு கல்லூரி ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள். சாயங்காலங்களில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டிப்ளமோ படித்தேன். பாதி நாள் கரண்டு இருக்காது. கம்ப்யூட்டரை விடக் கரும்பலகையில்தான் அதிகம் புரோகிராம் எழுதியிருக்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் கல்லூரியில் லேப் பெரிதானபோது, துறைத் தலைவர் சவரிமுத்து சார் முதல்வரிடம் போய், "ஆபீஸ்ல வேகமா டைப் அடிக்கிற பொண்ணு ஒண்ணு இருக்கே ஃபாதர், ஜெசிந்தா, அத லேபுக்கு அனுப்புங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். என் தகுதி அம்புட்டுதான்.

ஃபாதர் ஒரு நிபந்தனை போட்டார். வருடக் கடைசியில் யுனிவர்சிட்டி பிராக்டிகல் பரீட்சை ஒழுங்காக நடந்தால் லேப் வேலை எனக்கு நிரந்தரம். ஏதாவது கோளாறானால் பழையபடி ஆபீஸ். அதனால் ஆபீசில் என் நாற்காலியில் வேறு யாரையும் உட்கார வைக்கவில்லை. என் டைப்ரைட்டரை உறை போட்டு மூடி வைத்திருந்தார்கள். ஆபீஸ் சூப்பிரண்டு தாமஸ் அண்ணன் எதிரில் வரும்போதெல்லாம், "ஜெசிந்தா, ஒன் மிசினு ஒன்னத் தேடுது" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். எனக்குத்தான் சிரிப்பு வராது.

நிஜத்தைச் சொல்கிறேன், எனக்கு அந்த டைப்ரைட்டருக்குத் திரும்பிப் போக இஷ்டமே இல்லை. நாள் முழுக்க மற்றவர்கள் சொன்னதை அடித்துக் கொடுப்பேன். தப்பாக அடித்தாலும் சரியாக அடித்தாலும் அது ஒரே சத்தம்தான் போடும். கம்ப்யூட்டர் அப்படி இல்லை. நான் தப்புச் செய்தால் எங்கே என்று வரி எண்ணோடு சொல்லும். என் வாழ்க்கையில் என்னிடம் பதில் பேசிய முதல் மிசின் அது. அதை விட்டுப் போகச் சொன்னால் எப்படிப் போவது?

சவரிமுத்து சாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் அடிப்படையில் பிசிக்ஸ் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசகம் வாசிப்பவர். அந்தக் குரலை லேபுக்கும் அப்படியே கொண்டுவந்துவிடுவார். கோபமே வராது. எதற்கும் "செத்த நேரம் பொறு" என்பார். அந்தச் செத்த நேரம் எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாது.

அவருக்கு இரண்டு பழக்கங்கள். ஒன்று, திரையில் எரர் வந்தால் முதல் வரியிலிருந்து சத்தமாக வாசிக்க வேண்டும். கடைசி வரியைப் பார்த்துவிட்டு யாராவது புலம்பினால், "கடைசி வரியில ஒப்பாரிதாம்மா இருக்கும். காரணம் மொத வரியில இருக்கும். வாசி" என்பார். லேபில் எந்நேரமும் யாராவது பைபிள் வாசிப்பதுபோல எரர் வாசித்துக்கொண்டிருப்போம். இன்னொன்று அட்டெண்டன்ஸ். அவர் பெயர் கூப்பிட்டால் "பிரசன்ட் சார்" என்று உட்கார்ந்தபடி சொன்னால் செல்லாது. எழுந்து நிற்க வேண்டும். வராத பையனுக்குப் பக்கத்துப் பையன் குரல் கொடுப்பதைப் பல வருடம் பார்த்தவர் அல்லவா. "குரல் வருது, ஆளக் காணோம். எழுந்து நில்லு" என்பார். நின்ற பிறகு முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் டிக் அடிப்பார்.

அந்த வருடம் யுனிவர்சிட்டி பாடத்திட்டத்தை மாற்றி, சி புரோகிராம் பிராக்டிகல் எல்லாம் லினக்ஸில்தான் என்று சொல்லிவிட்டது. அதுவரை எங்களுக்கு டாஸ் காலத்துப் பழக்கம். அதில் சி கம்பைலர், அதாவது நாம் எழுதும் புரோகிராமைக் கம்ப்யூட்டர் மொழிக்கு மாற்றுகிற சாஃப்ட்வேர், வேண்டுமென்றால் ஒரு ஃபோல்டரை ஃபிளாப்பியில் ஏற்றி ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் காப்பி செய்தால் போதும். லினக்ஸில் அந்த ஜம்பம் பலிக்காது. அங்கே இருக்கிற ஜிசிசி என்ற கம்பைலர் ஒரு மேஸ்திரி மாதிரி. தானாக ஒரு செங்கல்கூட எடுத்து வைக்காது. புரோகிராமைப் பிரித்துத் தயார்செய்ய ஒரு ஆள், மொழிபெயர்க்க ஒரு ஆள், கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்ட ஒரு ஆள் என்று வேலையைப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு நிற்கும். அந்த ஆட்கள் தனித்தனிப் பேக்கேஜில் இருப்பார்கள். எல்லாரும் வந்தால்தான் வேலை நடக்கும்.

லேபில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் லினக்ஸ் போட்டாயிற்று. ஆனால் ஹார்டு டிஸ்க் சின்னது என்று கம்பைலரை மட்டும் விட்டுவிட்டிருந்தோம். என் மேசைக் கம்ப்யூட்டரில் மட்டும் முழுசாக இருந்தது; பிள்ளைகள் அதில்தான் முறைவைத்துப் பழகினார்கள். சிடி டிரைவும் அதில் மட்டும்தான். பரீட்சைக்கு முந்தைய இரண்டு நாளில் மற்றதில் எல்லாம் போட்டுவிடலாம் என்று நான் கணக்குப் பண்ணி வைத்திருந்தேன். அதே இரண்டு நாள் பார்த்து தாமஸ் அண்ணன் வந்து நின்றார். ஹால் டிக்கெட் டைப் அடிக்க ஆள் இல்லையாம். "ரெண்டே நாளுதாம்மா" என்று கூட்டிக்கொண்டு போய், உறையைக் கழற்றி, என்னை அந்த நாற்காலியிலேயே உட்கார வைத்துவிட்டார். மிசின் என்னைத் தேடியது நிஜம்தான் போலிருக்கிறது.

லேபில் எனக்கு உதவிக்கு ராசபாண்டி இருந்தான். சின்னாளபட்டிக்காரன். என்னை அக்கா என்பான். தங்கமான மனசு, அவசரக் கை. வியாழக்கிழமை சாயங்காலம் ஆபீசுக்கே வந்து, முகமெல்லாம் பல்லாகச் சொன்னான்.

"அக்கா, கவலய விடுங்க. எல்லா சிஸ்டத்துலயும் கம்பைலர் போட்டுட்டேன்."

"எப்பிடிப் போட்ட? சிடி டிரைவு என் மேசையிலதான இருக்கு?"

"எங்கூர்ல ஒரு சென்டர்ல நம்ம கூட்டாளி இருக்கான்க்கா. புது வெர்ஷன் வச்சிருக்கான். ஃபிளாப்பில வாங்கியாந்து காப்பி பண்ணிட்டேன். ஜிசிசின்னு அடிச்சா ஒவ்வொண்ணும் பதில் சொல்லுது. சாரும் வந்து பாத்தாரு."

எனக்கு அப்போதே உள்ளுக்குள் ஏதோ இடித்தது. ஆனால் ஹால் டிக்கெட் பாதி பாக்கி. அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து வாயைத் திறக்கவும் மனசு வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சீக்கிரமே லேபுக்குப் போனேன். முதல் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வெறுமனே ஜிசிசி என்று அடித்தேன். கம்பைல் பண்ண ஃபைல் எதையும் கொடுக்கவில்லையே என்று பதில் வந்தது. ராசபாண்டி பார்த்துச் சந்தோஷப்பட்டது இதைத்தான். சரி என்று, வணக்கம் சொல்லும் நாலு வரி புரோகிராம் ஒன்றை அடித்துக் கொடுத்தேன். சிசி1 என்ற ஃபைல் இல்லை, இன்ஸ்டால் செய்ததில் கோளாறு என்று வந்தது. மொழிபெயர்க்கிற ஆள் அந்த சிசி1தான். அடுத்த கம்ப்யூட்டரிலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே. மேஸ்திரி மட்டும் எல்லா வீட்டு வாசலிலும் வந்து நிற்கிறார், கூட ஒரு சித்தாள்கூட இல்லை.

சவரிமுத்து சார் வந்தார். நான் முதல் வரியிலிருந்து வாசித்தேன். அவர் கேட்டுவிட்டு, "சரி. மொறையாப் போட எம்புட்டு நேரமாகும்?" என்றார்.

"சிடி டிரைவக் கழட்டி ஒவ்வொரு சிஸ்டத்துலயும் மாட்டணும் சார். பரீட்ச ஆரம்பிக்கிறதுக்குள்ள முடியாது."

ராசபாண்டி அழுதுவிடுவான் போல நின்றான். "நா நல்லது பண்றேன்னு நெனச்சேன்க்கா. இங்க வேல முடியலன்னா போன எடத்துலயே ஒங்கள உக்கார வச்சுருவாங்களேன்னுதான்" என்றான்.

"ஏலே, அழுகுறத அப்பறம் பாத்துக்கலாம். மொதல்ல ஸ்குரூ டிரைவர எடு" என்றார் சார். பிறகு சட்டையை ஒழுங்குபடுத்திக்கொண்டு, எக்ஸ்டர்னல் எக்ஸாமினரை வரவேற்கப் போனார்.

எக்ஸ்டர்னல் பழனிப் பக்கத்துக் கல்லூரிக்காரர். வாட்டசாட்டமான மனிதர். திண்டுக்கல்லுக்குப் பரீட்சை நடத்த வருகிறவர்களுக்கு மதியம் பிரியாணி வாங்கித் தருவது எங்கள் வழக்கம். அவரும் அந்த நினைப்பில்தான் வந்திருப்பார். அன்றைக்குப் பார்த்து தவக்கால வெள்ளி. கேம்பசுக்குள் கறி, மீன் கிடையாது. ஹாஸ்டலில் சோறும் சாம்பாரும், தொட்டுக்கொள்ள முட்டைகோஸ் வெஞ்சனமும்தான். ஆக, பிரியாணியைக் காட்டி நேரம் கடத்துகிற வழியும் அடைபட்டுவிட்டது.

ஆனால் சார் வேறு வழி வைத்திருந்தார். எக்ஸ்டர்னலைப் பக்கத்து வகுப்பறையில் உட்கார வைத்து, "வைவாவ மொதல்ல முடிச்சிரலாமா சார்? பிள்ளைங்க தெளிவா இருக்கறப்பவே கேள்வியக் கேட்டுட்டா நல்லது" என்றார்.

"அதுவுஞ் சரிதானுங்க. பாயிண்டர்னா என்னன்னு இன்னிக்கு ஒருத்தராச்சும் ஒழுங்காச் சொல்லட்டும் பாக்கலாங்க" என்றார் அவர். அதில் அவருக்குத் தனி ஆசை என்று பிறகு தெரிந்தது. பிள்ளைகள் சரியாகச் சொன்னாலும் விடாமல், தானே கரும்பலகைக்குப் போய்க் கட்டம் போட்டு விளக்க ஆரம்பித்துவிட்டார். சார் நடுவில் ஒரு சந்தேகம் கேட்பார். அவர் இன்னொரு கட்டம் போடுவார். அந்தக் கட்டங்கள்தான் எங்களுக்குக் கிடைத்த நேரம்.

இந்தப் பக்கம் லேபில் நாங்கள் கம்ப்யூட்டரை அணைத்து, மூடியைக் கழற்றி, சிடி டிரைவை வெளியே வைத்தபடியே கேபிளை மாட்டினோம். டிரைவுக்குக் கீழே முட்டுக் கொடுக்க மாணவர்களின் ரெக்கார்டு நோட்டுகள். மறுபடி ஆன் செய்து, சிடியை மவுண்ட் செய்து, ஜிசிசி பேக்கேஜைப் போடச் சொன்னேன். அது வரமாட்டேன் என்றது. எனக்கு முன்னால் இன்னார் இன்னார் வந்திருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டது.

"அக்கா, இதக் கேக்காமப் போடறதுக்கு ஒரு ஆப்ஷன் இருக்காம்ல? கூட்டாளி சொன்னான்" என்றான் ராசபாண்டி.

"இருக்கு. போட்டா உள்ள வந்துரும். வந்து, மறுபடியும் தனியா வாசல்ல நிக்கும். அது கேக்குற ஆளக் குடுத்துருவோம்."

ஆட்களை வரிசையாக எழுதினேன். புரோகிராமைத் தயார்செய்கிற சிபிபி. கட்டிச் சேர்க்கிற பின்யுடில்ஸ். கெர்னல் ஹெடர்ஸ். பிறகு ஜிலிப்சி டெவல், அது இல்லாவிட்டால் சி புரோகிராமின் முதல் வரியில் எழுதுகிற ஸ்டடிஐஓ ஃபைலே இருக்காது, பிள்ளைகள் முதல் வரியிலேயே விழுவார்கள். கடைசியில் ஜிசிசி. ஒவ்வொன்றாகக் கொடுத்தால் யார் முந்தி என்று மல்லுக்கட்டும். அத்தனை பெயரையும் ஒரே கட்டளையில் கொடுத்தால் அதுவே வரிசைப்படுத்திக்கொள்ளும். கொடுத்தேன். திரையில் ஒவ்வொரு பெயருக்கும் நேராகக் கோடு நிரம்பிக்கொண்டே போனது. ஒரு முறைப்புகூட இல்லை.

நான் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, அந்த நாலு வரி புரோகிராமை மறுபடி கொடுத்தேன்.

சிசி1 இல்லை என்றது.

என் கண்ணாலேயே பார்க்கிறேன், சிசி1 உள்ளே இருக்கிறது. பெயர் போட்டுத் தேடினால் இருக்கிறது. ஜிசிசியைக் கேட்டால் இல்லை என்கிறது. பேக்கேஜை எடுத்துவிட்டுத் திரும்பவும் போட்டேன். அதே பதில். பக்கத்து அறையில் எக்ஸ்டர்னல் சாக்பீஸை வைத்துவிட்டுக் கையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் எதிர் வராந்தாவில் ஆபீஸ். உள்ளே தாமஸ் அண்ணன் என் டைப்ரைட்டருக்குப் புது ரிப்பன் மாற்றிக்கொண்டிருந்தார். சேதி அதற்குள் அங்கே போய்விட்டது. எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது. முறையாகச் செய்தேனே, எல்லாரையும் வரிசையாகக் கூப்பிட்டேனே, இன்னும் என்ன வேண்டுமாம் இதற்கு?

சவரிமுத்து சார் எட்டிப் பார்த்தார். "வாசி" என்றார்.

வாசித்தேன்.

"ஜிசிசின்னு கூப்புட்டா பதில் வருதா?"

"வருது சார். அதான் பிரச்சினையே."

சார் திரையை ஒரு தரம் பார்த்தார். பிறகு அட்டெண்டன்ஸ் எடுக்கிற அதே குரலில் சொன்னார்: "குரல் வருது, ஆளக் காணோம். எழுந்து நிக்கச் சொல்லும்மா."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு எக்ஸ்டர்னலைப் பார்க்கப் போய்விட்டார். அவர் கம்ப்யூட்டர் பாஷையில் சொன்னாரா, வாத்தியார் பாஷையில் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் எனக்குச் சுரீர் என்று உறைத்தது. லினக்ஸில் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், அது சில ஃபோல்டர்களில் வரிசையாகப் போய்ப் பார்க்கும். அந்தப் பெயரில் யார் முதலில் கிடைக்கிறாரோ அவரைக் கூட்டிவரும். பின்னால் அதே பெயரில் நிஜ ஆள் நின்றாலும் கண்டுகொள்ளாது. எந்த இடத்து ஆள் பதில் சொல்கிறான் என்று கேட்க விச் என்று ஒரு கட்டளை உண்டு. விச் ஜிசிசி என்று அடித்தேன்.

யூஎஸ்ஆர் லோக்கல் பின் என்ற ஃபோல்டரிலிருந்து ஒருவன் எழுந்து நின்றான். நான் போட்ட ஆள் இருப்பது யூஎஸ்ஆர் பின்னில். இவன் ராசபாண்டியின் சின்னாளபட்டி ஆள். வேறு வெர்ஷன். தன் வெர்ஷனுக்கு உரிய சிசி1ஐத் தேடி, கிடைக்காமல், இல்லை இல்லை என்று சாதித்துக்கொண்டிருந்தவன் இவன்தான்.

"தம்பி, நீ எந்த ஃபோல்டர்ல காப்பி பண்ணுன?"

"லோக்கல் பின்லக்கா. அதுதான் காலியாக் கெடந்துச்சு."

அந்த ஃபைலை அழித்தேன். மறுபடி புரோகிராமைக் கொடுத்தேன். இப்போது புதிதாக ஒரு வரி. லோக்கல் பின்னில் அப்படி ஒரு ஃபைல் இல்லையாம்.

"நம்மதானக்கா அழிச்சோம். அதுக்குத் தெரியாதா?"

"தெரியல. ஒரு தடவ போன வழிய ஞாபகம் வச்சிக்கிட்டு, வீட்டக் காலி பண்ணிட்டுப் போனவனோட பழைய கதவையே தட்டிக்கிட்டு இருக்கு."

"நம்ம மேல கோவமா இருக்குமோக்கா."

லாகவுட் செய்து, மறுபடி உள்ளே போனேன். ஞாபகமெல்லாம் அழிந்திருக்கும். புரோகிராமைக் கொடுத்தேன். எந்த வரியும் வரவில்லை. கர்சர் மட்டும் அடுத்த வரியில் வந்து சும்மா துடித்தது. ஓடவிட்டேன். வணக்கம் என்றது. ராசபாண்டி என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, நான் பெண் என்பது ஞாபகம் வந்து விட்டுவிட்டான்.

அதற்குப் பிறகு ஒரே ஓட்டம்தான். முதலில் போலி ஆளை அனுப்பு, அணை, மூடியைக் கழற்று, டிரைவை மாட்டு, ஆட்களைக் கூப்பிடு, எழுந்து நிக்கச் சொல், அடுத்த கம்ப்யூட்டருக்குப் போ. சிடி டிரைவை ராசபாண்டி கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தான். ஒவ்வொரு கம்ப்யூட்டர் தயாரானதும் வைவா முடித்த பிள்ளை ஒன்று வந்து உட்காரும். சார் அந்த அளவுக்குத்தான் அந்தப் பக்கத்திலிருந்து ஆளை விட்டார்.

கடைசி வரிசையில் நான் இருக்கும்போது எக்ஸ்டர்னல் லேபுக்குள் வந்துவிட்டார். மூடி இல்லாத கம்ப்யூட்டர்களைப் பார்த்தார். குஜிலியம்பாறையிலிருந்து வரும் ஒரு பெண்ணின் பின்னால் போய் நின்று, "கம்பைல் பண்ணு பாக்கலாங்கண்ணு" என்றார். அவள் அடித்தாள். கர்சர் அடுத்த வரிக்கு வந்து நின்றது.

அவர் நெற்றியைச் சுருக்கினார். "ஏனுங்க, ஒண்ணுமே வரலீங்களே?"

நான் தரையில் உட்கார்ந்தபடியே சொன்னேன்: "அதுதான் சார் நல்ல சேதி. தப்பு இருந்தாத்தான் அது வாயத் திறக்கும்."

அந்தப் பெண் புரோகிராமை ஓட்டினாள். எண்கள் சிறிதிலிருந்து பெரிதாக வரிசையாக வந்து நின்றன. எக்ஸ்டர்னல் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த பிள்ளையிடம் போனார். போகும்போது, "சத்தமில்லாத கம்பைலருங்க. எங்க வீட்டுக்கு ஒண்ணு வேணுங்க" என்றார். மதியம் முட்டைகோஸையும் குறை சொல்லாமல் சாப்பிட்டார்.

சாயங்காலம் பரீட்சை முடிந்து, எக்ஸ்டர்னலைப் பஸ் ஏற்றிவிட்ட பிறகு, நான் ஒரு மேசைக்கு அடியில் உட்கார்ந்து கடைசி கம்ப்யூட்டருக்கு மூடி மாட்டிக்கொண்டிருந்தேன். காலடிச் சத்தம் கேட்டது. ஃபாதரின் வெள்ளை அங்கி தெரிந்தது. அவருக்குப் பின்னால் தாமஸ் அண்ணனின் செருப்பு. சவரிமுத்து சார் வாசல் பக்கம் நின்றிருந்தார்.

"இனிமே இந்த லேபுக்கு யார் பொறுப்பு சார்?" என்று ஃபாதர் கேட்டார்.

சார் பதில் சொல்லவில்லை. அவர் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. மேசைக்கு அடியிலிருந்தே, "நாந்தான் ஃபாதர்" என்றேன்.

"குரல் வருது, ஆளக் காணோம்" என்றார் சவரிமுத்து சார். "எழுந்து நில்லும்மா."

எழுந்து நின்றேன். தலையில் மேசை இடித்தது. சேலையெல்லாம் தூசி, கன்னத்தில் கறுப்பு, கையில் ஸ்குரூ. சார் என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு ஃபாதர் பக்கம் திரும்பி, "பிரசன்ட் ஃபாதர்" என்றார்.

ஃபாதர் சிரித்துவிட்டு, "தாமஸ், அந்த மிசினுக்கு வேற ஆளப் பாருங்க" என்றார். புது ரிப்பன் மையோடு இருந்த விரல்களைத் தாமஸ் அண்ணன் வேட்டியில் துடைத்துக்கொண்டார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கையிலிருந்த ஸ்குரூ எங்கேயோ விழுந்து உருண்டது. ராசபாண்டி குனிந்து வெகு நேரம் தேடினான். கிடைக்கவில்லை. அந்தக் கம்ப்யூட்டர் எடைக்குப் போகும்வரை ஒரு ஸ்குரூ குறைவாகத்தான் ஓடியது.